மூலைத் துண்டு

என் அத்தானை ஜெயிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் தன் வாயைத் திறந்து தன்னையே கெடுத்துக்கொள்வதை எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டும் வேறு வேறு. ஜெயிப்பது நல்லவர்களின் ஆசை. அந்த நாற்பத்தொரு நாளும் நான் நல்லவளாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கூரை, பாலம், தண்ணீர்த் தொட்டி இவற்றுக்கெல்லாம் வரைபடம் போட்டுத் தரும் அலுவலகம் நடத்துகிறார். அங்கே பதினான்கு வருடம் நான் கணக்குப் போட்டேன். காற்று ஒரு கூரையை எந்த இடத்தில் எவ்வளவு பலமாகப் பிடித்து இழுக்கும் என்று சொல்வது என் வேலை. அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். தலை நரைத்த பிறகும் பாப்பா. வாடிக்கையாளர்களுக்கு முன்னாலும் பாப்பா.

மொத்தக் காய்கறிச் சந்தைக்குக் கூரை போட்டோம். வடமேற்கு மூலையில் காற்று அதிகமாக இழுக்கும், அங்கே தகடு ஒன்றுக்கு எட்டு போல்ட் வேண்டும் என்பது என் கணக்கு. அத்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய வரைபடத்தில் நான்கு இருந்தது. திறப்பு விழா தேதி நெருங்கிவிட்டது, பாதி போல்ட் என்றால் பாதி நாளில் முடியும். என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருடம் கூரை தாங்கியது. போன மழைக்காலத்தில் ஒரு மதியம் அந்த மூலையிலிருந்து தகடு தகடாக உரிந்து பறந்தது. சுமை தூக்கும் ஒருவரின் கால் ஒரு தகட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவர் இனி எதையும் தூக்கப் போவதில்லை.

விசாரணையில் அத்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "பாப்பா கணக்குல நாலுன்னுதான் வந்துச்சு. நம்ம வீட்டுப் பொண்ணாச்சேன்னு நம்பிட்டேன். என் தப்பு அதுதான்."

அந்தக் குனிந்த தலையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. என் கணக்கு இருந்த டிஸ்க் கெட்டுப்போய்விட்டதாம். என் நோட்டில் எட்டு என்று எழுதியிருப்பது கூரை விழுந்த பிறகு எழுதியதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், இவர் ஒரு தோட்டத்தையே மறைத்தார். என் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். இறுதி விசாரணைக்கு நாற்பத்தொரு நாள் தவணை. அதில் நான் தோற்றால் உரிமம் போகும், போகட்டும். ஆனால் அந்த மனிதரின் கால் காலத்துக்கும் என் பெயரில் எழுதப்படும். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. அதே கணக்கை மறுபடி ஓட்ட வேண்டும். என் நோட்டில் கூரையின் பன்னிரண்டு இடங்களுக்கு, காற்றின் இழுப்பை மூன்று தசமம் வரை எழுதி வைத்திருந்தேன். விடை இல்லாமல் கணக்கு மட்டும் உள்ள மூலக் கோப்பு ஒன்று சந்தை வாரியத்திடம் இருந்தது, அதன் நகலை வாங்கினேன். இரண்டு வருடத்துக்கு முன்பே அனுப்பிய கோப்பு, அத்தானின் கை அதில் எட்டாது. அதை ஓட்டினால் என் நோட்டில் உள்ள அதே பன்னிரண்டு எண்களும் வந்தாக வேண்டும். வந்தால் நான் அன்றைக்கே சரியாகப் போட்டிருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று தசமம் வரை யாரும் கனவு காண்பதில்லை.

அலுவலகத்துப் பெரிய இயந்திரம் ஆறு நாளில் முடித்த கணக்கு அது. என் வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். நூற்று எண்பது நாள் ஆகும் என்றது. பெரிய இயந்திரங்களை வாடகைக்குத் தருகிற இடத்தில் உரிம எண் கேட்டார்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

"ஒரு பொட்டியால முடியலன்னா நாலஞ்சு பொட்டிய சேத்துக் கட்ட முடியாதா?" என்றார் என் கணவர். பேருந்து ஓட்டுநர். எதையும் பயணிகளின் எண்ணிக்கையாகத்தான் யோசிப்பார்.

"கட்டலாம்."

"அப்புறம் என்ன? ஊர் கூடித்தானே தேர் இழுக்கணும்."

ஊர் கூடியது. அண்ணன் தன் கணினியைத் துணியில் சுற்றி எடுத்துவந்தான். அண்ணி தன் பழைய மடிக்கணினியைத் தந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரர் பூவேலை வரைய வைத்திருந்த கணினியைத் தானே சுமந்து படியேறினார். கணவரின் நண்பர்கள் இரண்டு பேர் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். என்னுடையதையும் சேர்த்து ஆறு. சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து, நெட்வொர்க் கேபிள்களை நடுவில் இருந்த சின்னப் பெட்டியில் செருகினேன். அன்றிலிருந்து நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கூரையை ஆறு துண்டாக வெட்டி, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். ஒவ்வொரு படியிலும் ஒரு கணினி தன் துண்டின் ஓரத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று பக்கத்துக் கணினிக்குச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் பக்கத்துக் கணினி அடுத்த படிக்குப் போக முடியாது. ஒன்று நின்றால் ஆறும் நிற்கும். கூட்டுக் குடும்பம் என்றால் இதுதான். கெட்டிக்காரனுக்குப் பெரிய துண்டு, சோம்பேறிக்குச் சின்னத் துண்டு என்று பிரித்துக் கொடுத்தும், மொத்த வீடும் அண்ணியின் மடிக்கணினிக்காகக் காத்துக் கிடந்தது.

"என்னோடதுதான் ஸ்லோவா?" என்று அண்ணி இரண்டு முறை கேட்டாள்.

"நிதானமா யோசிக்குது அண்ணி."

"அவர மாதிரியே இருக்கு," என்று அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் தினமும் மாலையில் வந்து, பிள்ளையை விடுதியில் விட்டவன் மாதிரி தன் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பான். "சூடா இருக்கே, ஒன்னும் ஆகாதே?" தையல்காரருக்கு அவசரமாக ஒரு பூ வரைய வேண்டியிருந்தால் மேலே வந்து தன் கணினி முன் உட்கார்ந்துகொள்வார். அவர் இதழ் இதழாக வரைந்து முடிக்கும்வரை காற்று நின்றிருக்கும். ஒருநாள் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டார், வீட்டின் மொத்த மின்சாரமும் போனது. மணிக்கொரு தடவை சேமிக்கச் சொல்லியிருந்ததால் பிழைத்தேன். அவர் ஒரு வாரம் கசங்கிய சட்டையோடு பேருந்து ஓட்டினார்.

ஆனாலும் கணக்கு உதைத்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஓடவைக்கவே நான்கு நாள் போய்விட்டது. மீதி முப்பத்தேழு. ஆறு கணினியும் சேர்ந்து நாற்பத்தைந்து நாள் கேட்டன.

அன்று மதியம் அக்கா வந்தாள். விசாரணை தொடங்கியதிலிருந்து அவள் என் வீட்டுப் படி ஏறவில்லை. உள்ளே வந்தவள் மேசையையும், இரைகிற விசிறிகளையும், சுவரில் ஒட்டியிருந்த நாள் கணக்கையும் பார்த்தாள்.

"முடியுமாடி?"

"எட்டு நாள் இடிக்குது."

"என்ன வேணும்?"

"இதுங்கள்ல ரெண்டுக்குச் சமமா ஒன்னு."

அக்கா சுவரில் இருந்த நாள் கணக்கை விரலால் தொட்டாள். அவள் மகன் வெளியூரில் படிக்கிறான். விளையாட்டுக்கென்று அடம்பிடித்து வாங்கிய அவனுடைய கணினி, அவன் அறையில் துணி மூடிக் கிடந்தது. எங்கள் குடும்பத்திலேயே அதைவிட வேகமான கணினி கிடையாது.

"அவர் இப்பல்லாம் அந்த ரூமுக்குள்ளயே போறதில்ல," என்றாள். "ஆனா பொட்டி இல்லன்னா தெரிஞ்சுடும். ஜன்னல் வழியாத் தெரியும். உள்ள இருக்கறத மட்டும் கழட்டிக்க. கூடு அங்கயே இருக்கட்டும்."

மறுநாள் காலை அத்தான் அலுவலகம் போன பிறகு நானே போய்க் கழற்றினேன். மதர்போர்டு, டிஸ்க், மின்சாரப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு குளியல் துண்டில் சுற்றினேன். வெறும் கூட்டைப் பழையபடி துணியால் மூடிவைத்தோம். வாசலில் அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"என் பேரு மட்டும் எங்கயும் வரக்கூடாது. நான் அந்த வீட்லதான் இருக்கணும். புரியுதா?"

"சத்தியமா வராதுக்கா."

சத்தியம் செய்யும்போது உண்மையாகத்தான் செய்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து காய் நறுக்கும் பலகையில் அந்த மதர்போர்டைப் படுக்கவைத்தேன். கூடு இல்லாமல், நரம்பெல்லாம் வெளியே தெரிய, அது ஓடத் தொடங்கியது. கூரையை இப்போது ஏழு துண்டாக வெட்ட வேண்டும். வடமேற்கு மூலையை, எட்டு போல்ட் வேண்டும் என்று நான் சொன்ன மூலையை, அத்தான் வீட்டுக் கணினிக்குக் கொடுத்தேன். மூலையில்தான் கணக்கு அதிகம், வேகமான கணினிக்குத்தான் அதைக் கொடுக்க வேண்டும். கணவரிடம் அப்படித்தான் சொன்னேன். உண்மையும் அதுதான். ஆனால் அந்தத் துண்டை ஒதுக்கும்போது எனக்கு வாயெல்லாம் இனித்தது. 'உன் வீட்டுக் கணினியே உன்னைப் பற்றிச் சொல்லட்டும்' என்று உரக்கவே சொன்னேன். பலகையில் கிடந்த விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஏழும் சேர்ந்து ஓடத் தொடங்கிய முப்பத்து மூன்றாவது நாள், காலை பத்தரை மணிக்கு முடிந்தது. விசாரணைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் பார்த்தேன். முதல் எண் சரி. இரண்டாவது சரி. பன்னிரண்டும் சரி, மூன்றாவது தசமம் வரை. கணவர் பணிக்குப் போயிருந்தார். நான் தையல்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஊசியை வாயில் வைத்தபடியே கை தட்டினார்.

பிறகு அச்செடுத்தேன். எழுபத்திரண்டு பக்கம். கடைசிப் பக்கம் நான் கேட்காமலேயே வந்தது. எந்தத் துண்டு எந்தக் கணினியில் ஓடியது, அந்தக் கணினி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று மென்பொருள் தானாகப் போடும் பட்டியல். அண்ணன் பெயர், அண்ணி பெயர், தையற்கடையின் பெயர். மூலைத் துண்டுக்கு எதிரே அத்தானின் அலுவலகப் பெயர். மகனுக்கு வாங்கிய விளையாட்டுப் பெட்டியைக்கூட மனிதர் தன் பேரில்தான் பதிந்திருக்கிறார். பேனா வாங்கினாலும் மூடியில் தன் பெயரை எழுதுகிறவர்.

அந்தப் பக்கத்தை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்கள். எழுபத்திரண்டு பக்கத்தில் ஒன்றுதானே. ஆனால் பார்த்தேன். அது வெளியே வந்தால், கணினியைக் கொடுத்தது யார் என்ற கேள்வி நேராக அக்காவிடம் போகும். கிழித்துப் போட ஒரு நொடி போதும். மீதி எழுபத்தொன்றும் எனக்குப் போதுமான சாட்சிதான். அவர் தலை குனிந்து நின்றது கண்ணுக்கு முன் வந்தது. எழுபத்திரண்டையும் சேர்த்துத் தைத்தேன்.

விசாரணை அறையில் நீளமான மேசை, அதன் தலைமாட்டில் விசாரணை அதிகாரி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பார்க்கிற ஒரு பெண்மணி. அத்தான் கஞ்சி போட்ட சட்டையில் வந்தார். பக்கத்தில் அக்காவை உட்காரவைத்திருந்தார், குடும்பமே தன் பக்கம் என்று காட்ட. அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரோரம் ஒரு நாற்காலியில், ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சுமை தூக்கும் மனிதரும் இருந்தார்.

நான் நோட்டையும் அச்சையும் வைத்தேன். அதிகாரி பன்னிரண்டு எண்களையும் தன் பென்சிலால் ஒத்துப்பார்த்தார். அத்தானுக்கு அப்போதே வியர்த்திருக்க வேண்டும். அவருக்கு வியர்க்கவில்லை, சிரித்தார்.

"மேடம், நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததில்ல. பாப்பா இத எதுல ஓட்டியிருக்குன்னு கேளுங்க. தெருவே பேசுது, சாப்பாட்டு மேசைல, ஆளுக்கொரு ஓட்டைப் பொட்டி. அதுல ஒன்னு டெய்லரோடது. பூப்போட்ட பொட்டி கூரைக்குக் கணக்குச் சொல்லுமா? குப்பையக் கூட்டி வெச்சா அது கோபுரம் ஆயிடுமா?"

அறையில் ஒருவர் இருவர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில் நின்றார்.

"விழுந்தது வடமேற்கு மூலைதானே?"

"ஆமாங்க மேடம்."

"அந்த மூலைய ஓட்டின கணினி உங்க நிறுவனத்தோட பேர்ல இருக்கே?"

அத்தான் எழுந்து வந்து தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினார். ஒரு முறை படித்தார், மறுபடி படித்தார். முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது.

"இது என் பையனோட சிஸ்டம்! திருட்டு மேடம்! என் வீட்டுக்குள்ள பூந்து எடுத்திருக்கு! அது என்ன மெஷின்னு தெரியுமா உங்களுக்கு? நான் பாத்துப் பாத்து வாங்குனது. இருக்கறதுலயே பெஸ்ட். இது வரைக்கும் ஒரு தப்புப் பண்ணதில்ல. என் ஆபீஸ் கணக்கையே எத்தனயோ தடவ அதுல போட்டிருக்கேன், அப்பேர்ப்பட்ட மெஷின்—"

நின்றுவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்ட பிறகு அது வாயை எப்படி வைத்துக்கொள்ளும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"ஒரு தப்பும் பண்ணாத கணினி," என்று அதிகாரி எழுதிக்கொண்டே சொன்னார். "மூலைக்கு அது தந்த விடை, எட்டு போல்ட்டுக்கான இழுப்பு. சரிதானே?"

"அது... திருட்டு மேடம். மொதல்ல அதப் பேசுங்க."

"திருடல," என்றாள் அக்கா.

உட்கார்ந்தபடியேதான் சொன்னாள். அத்தான் திரும்பினார். சுவரோரம் இருந்தவர் ஊன்றுகோலை நேராகப் பிடித்தார்.

"நான்தான் குடுத்தேன். நான் பக்கத்துல நின்னேன், அவ கழட்டுனா. கூடு இன்னும் வீட்லதான் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். நாற்பத்தொரு நாளாக அந்தச் சிரிப்பைச் சேமித்து வைத்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்தபோது அது எங்கே போனது என்று தெரியவில்லை. வெளியே வரும்போது சுவரோரம் இருந்தவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பதிலுக்குத் தலையசைத்தேனா என்பது நினைவில்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. அத்தானின் உரிமம் ரத்து, அலுவலகத்துக்குப் பூட்டு. என்னுடையது திரும்பி வந்தது. கணவர் அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டார். அண்ணனும் அண்ணியும் கணவரின் நண்பர்களும் தங்கள் கணினிகளை எடுத்துப் போனார்கள். தையல்காரர் தன்னுடையதை எடுத்துப்போய், முதல் வேலையாக ஒரு பெரிய பூ வரைந்து எனக்கொரு தலையணை உறை தைத்துத் தந்தார். மேசை காலியானது. பலகையில் அந்த மதர்போர்டு மட்டும் கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க அந்த வீட்டுக்கு எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை கதவைத் தட்டும் சத்தம். அக்கா நின்றாள். ஒரு கையில் துணிப்பெட்டி. இன்னொரு கையில், இடுப்பில் குழந்தையை வைத்திருப்பது போல, அந்த வெறும் கூடு.

"உள்ள மாட்டிடு," என்று கூட்டை மேசையில் வைத்தாள். "இனிமே இது இங்கதான்."

"நீ?"

"நானுந்தான்."

துணிப்பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அந்தக் கடைசித் தாள நீ முன்னாடியே பாத்தியாடி?"

பொய் தயாராக இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அத்தானும் இப்படித்தான் தொடங்கியிருப்பார் என்று தோன்றியது.

"பாத்தேன்க்கா."

"பாத்துட்டுத்தான் வெச்சியா?"

"ஆமா."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டம்ளரை வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் மேசை ஈரத்தைத் துடைத்தாள்.

"அவர் ஒன்னக் கேக்காம போல்ட்டக் கொறச்சாரு. நீ என்னக் கேக்காம என் வீட்டக் கொறச்ச. அவ்ளோதான் வித்தியாசம்." ஈரத் தலைப்பை உதறிவிட்டாள். "கேட்டிருந்தா நானே அந்தத் தாள எடுத்துக் குடுத்திருப்பேன். கேட்டிருக்கலாம் நீ."

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மதர்போர்டைக் கூட்டுக்குள் இறக்கி நாலு மூலையிலும் நாலு திருகு போட்டேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. கருவியைக் கீழே வைத்தேன்.

"மொத்தம் எத்தன ஓட்டை?" என்றாள் அக்கா.

"ஒன்பது. நாலு போட்டாலே நிக்கும்க்கா."

அக்கா மீதி ஐந்து திருகுகளையும் பொறுக்கி, தன் உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டினாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து முடுக்கினேன்.